மனத்தாங்கலுக்கு ஆங்கிலம் தந்த சொற்கள்



ஒருவனுக்கு அநீதி இழைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு உரிய பதவி இன்னொருவனுக்குப் போகிறது. உழைத்தவன் அவன், பெயர் எடுத்தவன் வேறொருவன். பந்தியில் எல்லோருக்கும் சோறு படைத்துக்கொண்டு வருபவர், அவனுடைய இலையை மாத்திரம் காணாதவர் போலக் கடந்து செல்கிறார். இத்தகைய சந்தர்ப்பங்களில் இரண்டு விடயங்கள் உண்டாகின்றன. ஒன்று, வெளியே நடந்த செயல். அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு. மற்றையது, அச்செயல் முடிந்த பின்னரும் அவனுடைய நெஞ்சுக்குள்ளே நடந்துகொண்டிருப்பது. அதற்கு நாளும் இல்லை, சாட்சியும் இல்லை.

இவ்விரண்டையும் ஒரு மொழி என்ன பெயரிட்டு அழைக்கிறது என்பது வெறும் அகராதி விடயம் அன்று. பாதிக்கப்பட்டவனை உலகம் நம்புமா, நம்பாதா என்பதையே பல வேளைகளில் அந்தப் பெயர் தீர்மானித்துவிடுகிறது. ஆங்கில மொழி இத்துறையில் மிகுந்த சொல்வளம் உடையது. அச்சொற்களையும், அவற்றின் வலிமையை அறிந்து எழுதிய சிலரையும் இன்றைய உரையில் நோக்குவோம்.

முதலில் வெளியே நடந்த செயலைச் சுட்டும் சொற்கள். தவறு, அநீதி என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் 'றோங்' என்ற சொல்லின் பழைய பொருள் வளைந்தது, முறுகியது என்பதாகும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதைக் குறிக்கும் 'றிங்' என்ற வினையும் அதன் உறவுச் சொல்லே. தமிழ் கற்ற நேயர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கொடுமை என்ற நமது சொல்லும் வளைவு என்னும் கருத்திற் பிறந்ததுதான். நேராக நிற்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். நடுவுநிலை பிறழ்வதைக் கோட்டம் என்றும், பிறழாமையைக் கோடாமை என்றும் நமது முன்னோர் வழங்கினர். ஒன்றையொன்று அறியாத இரு மொழியினர் அநீதியை ஒரே வளைவாகக் கண்டிருப்பது வியப்புக்குரியது.

ஆனால், 'ஃபெயர்' என்ற சொல்லில் இரு மொழிகளும் பிரிந்து செல்கின்றன. தம்பிக்குப் பெரிய துண்டு கேக் போய்விட்டால், ஆங்கிலச் சிறுவன் எழுப்பும் முதற் குரல் இது 'ஃபெயர்' இல்லை என்பதுதான். அச்சொல்லின் மூலப்பொருள் அழகு. அதன் எதிர்மறையாகிய 'அன்ஃபெயர்' பழைய ஆங்கிலத்தில் அழகற்றது என்பதையே குறித்தது. நீதி, அநீதி என்னும் பொருள்கள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. நாம் இதே இடத்தில் ஓரவஞ்சனை என்போம். ஓரம் என்பது ஒரு பக்கம் சாய்தல். தராசுத் தட்டுச் சாய்வதை நாம் காண்கிறோம். அவர்கள் ஒரு முகம் விகாரப்படுவதைக் காண்கின்றனர்.

'இஞ்சறி' என்றால் இன்று காயம். அதன் இலத்தீன் மூலத்தில் உரிமைக்கு மாறானது, நீதிக்கு ஒவ்வாதது என்ற பொருளே உள்ளது. 'கிறீவன்ஸ்' என்ற சொல்லோ பாரம் என்னும் இலத்தீன் அடியிலிருந்து வந்தது. ஒருவன் தலைமேல் பிறர் ஏற்றிவைத்த சுமை என்பது அதன் உட்கிடை. ஆங்கில அரசியல் வரலாற்றில் மிகுந்த கண்ணியத்தோடு வாழ்ந்த சொல் இது. 1776 ஆம் ஆண்டின் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் பெரும்பகுதி, மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் செய்தவற்றின் பட்டியலாகவே அமைந்துள்ளது. 1791 இல் அந்நாட்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட முதலாவது திருத்தம், இத்தகைய சுமைகளுக்குப் பரிகாரம் கோரி அரசிடம் மனுச் செய்யும் உரிமையை இதே சொல்லாலேயே உறுதிசெய்கிறது. சுமை வெளியே இருக்கிறது. யாவரும் அதைக் காணலாம், எடை போடலாம், இறக்கியும் வைக்கலாம் என்பது அதன் நம்பிக்கை.

இனி நெஞ்சுக்குள்ளே நடப்பதைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். இவற்றுள் முதன்மையானது 'றிசென்ற்மென்ற்'. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த இச்சொல்லின் உறுப்புகளைப் பிரித்தால் மீண்டும் உணர்தல் என்றாகும். அடி ஒருமுறைதான் விழுகிறது. நோவு திரும்பத் திரும்ப வருகிறது. 'கிறட்ஜ்' என்பது பழைய பிரெஞ்சில் முணுமுணுத்தல். 'அம்பிறேஜ்' என்பதன் வேர் நிழல். 'பீக்' என்பது ஊசி குத்தினாற் போன்ற குத்து. 'றங்கர்' என்பதன் இலத்தீன் மூலம், கெட்டுப்போன கொழுப்பின் நாற்றத்தைக் குறிப்பது. முணுமுணுப்பு, நிழல், குத்து, நாற்றம் என இவை அனைத்தும் உடம்பு அறிந்தவை. எனினும் செய்தவன் யார், செய்த செயல் யாது என்பதற்கு இவற்றுள் இடமில்லை. பட்டவன் மாத்திரமே தனியாக நிற்கிறான்.

இச்சொற்கள் ஏற்கும் வினைகளும் கவனிக்கத்தக்கவை. 'கிறட்ஜ்' என்பதை ஆங்கிலேயர் சுமக்கின்றனர். மனத்தாங்கல் என்ற நமது சொல்லிலும் தாங்குதல் இருப்பதை இங்கே ஒப்பிடலாம். துறைமுகம் கப்பலுக்கு ஒதுங்க இடம் கொடுப்பது போல அதற்கு அடைக்கலம் கொடுக்கின்றனர். செவிலித்தாய் போல அதற்குப் பாலூட்டி வளர்க்கின்றனர். வெளியே சொல்லும்போதோ, ஈரத்துணியைக் கொடியிற் போடுவது போலக் காற்றாட விடுகின்றனர். மூடி வைத்தால் வளரும், வெளியே விரித்தால் உலரும் என்னும் அனுபவ அறிவு இவ்வழக்குகளில் அடங்கியுள்ளது.

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் தனக்கு அநீதி நடந்துவிட்டது என்று சீறுபவனைத் தோளில் மரச்சிராய் வைத்திருப்பவன் என்பர். இது அமெரிக்காவில் பிறந்தது. சண்டைக்குத் துணிந்த பையன் தன் தோளில் ஒரு சிராயை வைத்து, முடிந்தால் தட்டிவிடு என்று மற்றவனுக்குச் சவால் விடுவானாம். 1830 இல் ஒரு நியூயோர்க் வட்டாரப் பத்திரிகை இவ்வழக்கத்தைப் பதிவுசெய்திருக்கிறது. தொடக்கத்தில் அது ஒரு சவால். இன்றோ அது பிறர்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு. வறுமையிலிருந்து மேலே வந்தவன், தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவன், குடியேறி வந்தவன் ஆகியோர் வாய் திறந்தவுடன், அவன் தோளில் சிராய் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதன்பின் அவன் சொல்வதை யாரும் கேட்க வேண்டிய அவசியமில்லை.

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் இத்துறைச் சொற்கள் இரண்டு களஞ்சியங்களில் வைக்கப்பட்டுள்ளன. செயலைச் சுட்டுவன ஒரு களஞ்சியத்தில். பட்டவனின் மனநிலையைச் சுட்டுவன மறு களஞ்சியத்தில். ஒரே நிகழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது எனக்கென்றால் 'கிறீவன்ஸ்' என்பேன். உனக்கென்றால் 'றிசென்ற்மென்ற்' என்பேன். அங்கே இல்லாத மூன்றாமவனுக்கு என்றால் 'கிறட்ஜ்' என்றுவிடுவேன். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இடம் மாற மாற, வழக்கு நோயாகிவிடுகிறது. எந்தக் களஞ்சியத்தைத் திறக்கிறோமோ, அப்போதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

'றிசென்ற்மென்ற்' என்ற சொல்லும் எப்போதும் இன்றைய தாழ்ந்த நிலையில் இருந்ததன்று. பதினேழாம் நூற்றாண்டில் நன்றியுணர்வைக் குறிக்கவும் அது பயன்பட்டது. நன்மையோ தீமையோ, பிறர் செய்ததை ஆழமாக உணர்தல் என்பதே அன்று அதன் பொருள். ஜோசப் பட்லர் என்னும் சமய அறிஞர் 1726 இல் வெளியிட்ட பிரசங்கத் தொகுப்பில் இவ்வுணர்ச்சியைப் பற்றியே ஒரு பிரசங்கம் உள்ளது. அடுத்ததாக மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் வருகிறது. அன்பே உருவான இறைவன் மனிதனுக்கு இந்தக் கசப்பை ஏன் கொடுத்தான் என்று பட்லர் கேட்கிறார். திடீரென எழும் சினம் வேறு, அநீதியைக் கண்டு நின்று எரியும் சினம் வேறு எனப் பிரித்துக் காட்டி, பின்னையது கொடுமையிலிருந்து மனிதரைக் காக்கும் கருவி என்கிறார்.

பொருளியலின் தந்தை எனப்படும் அடம் ஸ்மித், 1759 இல் வெளியிட்ட ஒழுக்க உணர்வுகள் பற்றிய நூலில், இவ்வுணர்ச்சியை நீதியின் காவலாகக் கருதுகிறார். ஆனால், அவர் ஓர் அளவுகோலும் வைக்கிறார். எப்பக்கமும் சாராத ஒரு பார்வையாளன் நமது சினத்தில் எந்த அளவுக்கு நம்மோடு சேர்ந்து வருவானோ, அந்த அளவே தகுந்த அளவு. அதற்கு மேற்பட்டது நமது சொந்தச் சரக்கு. பட்டவனும் சில வேளைகளில் மிகைப்படுத்துவான். வெறும் பொறாமைக்கு நீதியின் சட்டையை அணிவிப்பான். அதை மறுக்க முடியாது. ஆயினும் ஸ்மித்தின் பார்வையாளன் முதலில் பார்ப்பது நடந்ததை. பட்டவனின் முகத்தை அவன் பார்ப்பது அதன்பிறகுதான்.

பின்வந்த காலம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. ஜேர்மனிய மெய்யியலாளர் நீட்சே 1887 இல் அறத்தின் தோற்றத்தை ஆராய்ந்தபோது, இச்சொல்லின் பிரெஞ்சு வடிவத்தையே எடுத்தாண்டார். செயலாற்ற இயலாத வலுவற்றோரின் உள்ளே புளித்துப்போன பகையே அவருக்கு அது. இன்று படித்தவர் உலகில் அச்சொல் பெரும்பாலும் அந்த நாற்றத்தோடுதான் உலவுகிறது.

சொல்லாராய்ச்சி போதும், இலக்கியத்துக்கு வருவோம். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' ஒரு சிரிப்பு நாடகம். அதில் மல்வோலியோ என்றொரு காரியஸ்தன் வருகிறான். நள்ளிரவில் குடித்துக் கூத்தடிப்போரைக் கண்டிப்பவன், சிறிது தற்பெருமைக்காரன். அவனைப் பழிவாங்க, எசமானி அவன்மீது காதல் கொண்டதாகப் பொய்க் கடிதம் எழுதிப் போடுகின்றனர். அவன் மஞ்சள் காலுறை அணிந்து இளித்துக்கொண்டு வருகிறான். பைத்தியம் என்று இருட்டறையில் அடைக்கின்றனர். 1602 பெப்ரவரியில் இலண்டனில் அந்நாடகத்தைப் பார்த்த ஒரு சட்ட மாணவர், காரியஸ்தனை ஏமாற்றிய தந்திரம் நன்றாயிருந்தது என்னும் கருத்தில் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

ஆனால், இறுதிக் காட்சியைக் கூர்ந்து பார்ப்போருக்கு ஒரு முள் தைக்கும். எல்லோரும் சோடி சேர்ந்து மகிழும் வேளையில் மல்வோலியோ கடிதத்தை நீட்டி, எனக்கு ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறான். அவனுக்கு மிகுந்த கெடுதி நடந்துவிட்டது என்று எசமானியே ஒப்புக்கொள்கிறாள். ஆயினும் அவனுக்குக் கிடைப்பது அனுதாபம் மாத்திரமே. எல்லோரையும் ஒருநாள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி அவன் வெளியேறுகிறான். இங்கிலாந்து மன்னர் முதலாம் சாள்ஸ் தமது ஷேக்ஸ்பியர் தொகுதியில், இந்நாடகத்தின் பெயருக்கு அருகே மல்வோலியோவின் பெயரைத் தம் கைப்பட எழுதியிருந்தார். நாடகத்தின் பெயரை மறந்தாலும் அவனை மறக்க முடியவில்லைப் போலும்! சிரிப்பதற்காகப் படைக்கப்பட்டவனிடமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஷேக்ஸ்பியர் மறைக்கவில்லை.

மல்வோலியோவுக்கு வயதும் பதவியும் இருந்தன. ஒன்றுமே இல்லாத ஒரு பத்து வயதுப் பிள்ளையின் நியாயத்தைச் சொன்னவர் சாளட் புறொன்ரி. 1847 இல் புனைபெயரில் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலின் தொடக்கத்தில், பெற்றோரை இழந்த ஜேன், மாமியின் வீட்டில் ஒண்டி வாழ்கிறாள். மாமியின் மகன் அவள்மீது புத்தகத்தை எறிகிறான். அவள் விழுந்து தலையில் இரத்தம் வடிகிறது. அவள் எதிர்த்து நிற்கிறாள். தண்டனை அவளுக்கே கிடைக்கிறது. மாமா இறந்துபோன சிவப்பு அறையில் அவளைப் பூட்டுகின்றனர். நன்றி கெட்டவள் என்பது அவ்வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் பட்டம். சோறு போடுபவர் செய்யும் அநீதியைச் சொல்ல முற்பட்டால் அது நன்றிகேடாகிவிடும் என்பதை, பிறர் வீட்டில் வளர்ந்த எவரும் அறிவர்.

பின்னொரு நாள் ஜேன் மாமியின் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். முதலில் ஒரு வெற்றிக் களிப்பு. பின்னர் நாவில் நஞ்சு போன்ற ஒரு கசப்பு. புறொன்ரி இரண்டையும் எழுதுகிறார். சொன்னது நியாயம் என்பதையும் அவர் விடவில்லை, சொன்னபின் வந்த கசப்பையும் ஒளிக்கவில்லை. இந்த நேர்மையே அந்நாவலை இன்றும் வாழவைக்கிறது.

அந்நாவலுக்கு வந்த ஒரு விமர்சனம் நமது பொருளுக்கு மிகவும் இயைபுடையது. ஐரோப்பாவெங்கும் புரட்சிகள் வெடித்த 1848 இன் டிசெம்பரில், 'குவாட்டர்லி றிவியூ' என்ற சஞ்சிகையில் எலிசபெத் றிக்பி என்ற பெண்மணி பெயர் குறிப்பிடாமல் அதை எழுதினார். பணக்காரரின் வசதிகளுக்கும் ஏழைகளின் இல்லாமைக்கும் எதிரான முணுமுணுப்பு நூல் முழுவதும் கேட்கிறது என்பதும், அது இறைவன் வகுத்த ஒழுங்குக்கே எதிரான முணுமுணுப்பு என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. வாக்குரிமை கேட்டுக் கிளர்ந்த சாட்டிஸ்ட் தொழிலாளரை ஊக்கிய அதே மனப்போக்கே இந்நாவலையும் எழுதியது என்றார். 'கிறட்ஜ்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் முணுமுணுத்தல் என்று முன்னர் சொன்னேன். றிக்பி அம்மையார் அந்தக் களஞ்சியத்தையே திறந்திருக்கிறார். ஒரு பிள்ளையின் தலையில் வடிந்த இரத்தம் அவருக்குத் தெரியவில்லை. அப்பிள்ளையின் முணுமுணுப்பு மாத்திரம் கேட்டிருக்கிறது.

அப்படியாயின், பட்டவன் எவ்வாறு எழுதினால் உலகம் அவன் முகத்தை விட்டு, நடந்த செயலைப் பார்க்கும்? இதற்கு ஆங்கிலத்தில் தலைசிறந்த சான்று ஒரு கடிதம். எழுதியவர் அகராதிப் பேரறிஞர் சாமுவேல் ஜோன்சன்.

புத்தக வியாபாரிகளுடன் 1746 இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஜோன்சன் ஆங்கில அகராதி தொகுக்கத் தொடங்கினார். 1747 இல் அதன் திட்டத்தை அச்சிட்டு, செல்வாக்கு மிக்க செஸ்ரபீல்ட் பிரபுவுக்கு முகவரியிட்டார். பிரபு 10 பவுண் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரைக் காண முடியவில்லை. ஜோன்சன் வெளி மண்டபத்திற் காத்திருந்தார், திரும்பினார். வருடங்கள் கடந்தன. சில உதவியாளருடன், நோயோடும் வறுமையோடும் 40,000 இற்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் எழுதினார். 1752 இல் மனைவி இறந்துபோனார். வேலை முடியும் தறுவாயில், 1754 இன் இறுதியில், அந்தப் பிரபு ஒரு சஞ்சிகையில் அகராதியைப் புகழ்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார். நூல் தமக்கே சமர்ப்பிக்கப்படும் என எதிர்பார்த்தார் என்று கருதப்படுகிறது.

1755 பெப்ரவரி 7 ஆந் திகதி ஜோன்சன் அவருக்குக் கடிதம் எழுதினார். அதில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. தமக்கு மனம் எரிகிறது என்றும் அவர் சொல்லவில்லை. உமது மண்டபத்தில் நான் காத்திருந்து இத்தனை வருடம் என்று கணக்குச் சொல்கிறார். அக்காலத்தில் ஓர் உதவியோ, ஊக்கச் சொல்லோ, புன்சிரிப்போ கிடைக்கவில்லை என்று வரிசைப்படுத்துகிறார். நீரில் தத்தளிப்பவனைச் சும்மா பார்த்திருந்துவிட்டு, அவன் கரையேறியதும் ஓடிவந்து உதவி என்று தொல்லை கொடுப்பவர்தாமோ புரவலர் என்று ஒரு கேள்வி கேட்கிறார். இந்தப் புகழ் இப்போது வந்ததில் தமக்கு இன்பம் இல்லை, பகிர்ந்துகொள்ள ஆளும் இல்லை, தேவையும் இல்லை என்கிறார். ஆள் இல்லை என்ற இடத்தில் இறந்த மனைவியின் பெயர்கூட வரவில்லை. அறிந்தவருக்கு அந்த இடம் நெஞ்சைப் பிளக்கும். முடிவில், அக்காலக் கடித மரபின்படி, தாழ்மையும் கீழ்ப்படிவும் உள்ள ஊழியன் என்று கையொப்பமிடுகிறார். அந்த வாய்பாடு அதற்கு முன்னும் பின்னும் அத்தகைய கூர்மை பெற்றதில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 15 ஆந் திகதி அகராதி வெளிவந்தது. அதில் புரவலர் என்னும் சொல்லுக்கு எழுதிய விளக்கத்திலும், ஆணவத்தோடு உதவி முகத்துதியைக் கூலியாகப் பெறும் ஒருவரின் சாயலை ஜோன்சன் பதித்துவிட்டார். செஸ்ரபீல்ட் அக்கடிதத்தை ஒளிக்கவில்லை. தமது மேசையில் எல்லோரும் காண வைத்திருந்து, வந்தவருக்கு மிகக் கடுமையான பகுதிகளைச் சுட்டிக் காட்டினார் என்று ஜோன்சனின் வரலாற்றை எழுதிய பொஸ்வெல் பதிவுசெய்துள்ளார். அநீதி செய்தவரே அக்கடிதத்தின் வாசகரானார் என்பதைவிட அதன் வெற்றிக்கு வேறு சான்று வேண்டுமா? அதில் அவர் ஜோன்சனின் மனநிலையைக் காணவில்லை; தமது செயலையே கண்டார்.

ஜோன்சனின் உபாயம் பேரறிஞருக்கு மாத்திரம் உரியதன்று. ஆங்கிலம் நமது ஊர்களில் நுழைந்தபோது, பாடநூலாக மாத்திரம் வரவில்லை. மனு எழுதும் மொழியாகவும் வந்தது. 'பெட்டிஷன்' என்ற சொல் பெட்டிசமாகி, கிழவிகளின் வாயிலும் புழங்கியது. நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் அயலில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஊராருக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுப்பார். கணவனை இழந்த ஒரு பெண்மணி, ஓய்வூதியப் பணம் தடைப்பட்டுவிட்டதென அவரிடம் வந்தார். கொழும்பில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அவர் அழுதழுது எல்லாவற்றையும் சொல்ல, ஆசிரியர் திகதிகளை மாத்திரம் கேட்டுக் கேட்டு எழுதினார். முடிந்ததும் அப்பெண்மணி கேட்டார்:

"மாஸ்ரர், என்ர வயிறு பத்தி எரியுது எண்டு எழுதினியளோ?"

"எழுதிப்போட்டன் பிள்ளை. மூண்டு திகதியா எழுதியிருக்கிறன்."

அந்த விடையின் ஆழம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஜோன்சனின் கடிதத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. எந்தத் திகதியில் விண்ணப்பித்தார், எந்தத் திகதியில் வரச் சொன்னார்கள், எந்தத் திகதியில் திருப்பி அனுப்பினார்கள் என்பதே அந்தக் கடிதம். வயிற்றெரிச்சல் என்று எழுதியிருந்தால் அலுவலகத்தார் ஒரு கைம்பெண்ணின் மனநிலையைப் பார்த்திருப்பர். திகதிகளை எழுதியதால் தங்கள் செயலைப் பார்க்க நேர்ந்தது. சில மாதங்களில் பணம் வந்தது. ஆயினும் இந்த உபாயத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்மணியின் எரிச்சல் அக்கடிதத்தில் எங்குமே இல்லை. நம்பப்படுவதற்காக நோவை மறைக்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சலுக்கு இடம் கொடுப்பது இலக்கியத்தின் வேலை. சிவப்பு அறையில் இருந்த பிள்ளைக்குப் புறொன்ரி செய்தது அதுதான்.

நிறைவாக, மொழிபெயர்ப்புப் பற்றி ஒரு சொல். 'கிறீவன்ஸ்' என்ற சொல்லைத் தமிழாக்கும்போது, நமது பத்திரிகைகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் மனக்குறை என்று எழுதுகின்றன. நீண்டகால வழக்கு என்பதால் நாமும் தடையின்றி வாசித்துச் செல்கிறோம். ஆனால், என்ன நிகழ்ந்துவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். வெளியே, தலைமேல் இருந்த சுமை, உள்ளே, மனத்தில் உள்ள குறையாகிவிட்டது. காணி பறிபோனவனுக்கு இருப்பது மனக்குறை அன்று, காணிக்குறை. பிள்ளையைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலையும் தாய்க்கு இருப்பதும் மனக்குறை அன்று. ஆங்கில அறிக்கைகளிலோ இன்னொரு நுட்பம் உண்டு. 'கிறீவன்ஸ்' என்று எழுதி, அதற்கு முன்னே 'பேசீவ்ட்' என்று ஓர் அடைமொழி சேர்த்துவிடுவர். அவர்களுக்கு அப்படித் தோன்றுகிறது என்பது அதன் கருத்து. ஒற்றை அடைமொழியால் வழக்கு முழுவதும் ஒரு களஞ்சியத்திலிருந்து மற்றதற்கு மாற்றப்பட்டுவிடுகிறது.

இத்தனைக்கும் பொருத்தமான சொல் தமிழில் இல்லாமல் இல்லை. முறை என்பது நமது பழைய மொழியில் நீதி. அந்த நீதியை நாடிச் செல்வதே முறையிடுதல், அதுவே முறைப்பாடு. அச்சொல்லை நாம் பொலிஸ் நிலையத்தின் வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அதை மீட்டெடுத்து, அதற்குரிய இடத்தில் வைப்பது மொழிபெயர்ப்பாளருக்கும் பத்திரிகையாளருக்கும் ஆசிரியர்களாகிய எமக்கும் உரிய கடமை.

அதைவிடப் பெரிய கடமை ஒன்று, கேட்பவராகிய நம் எல்லோருக்கும் உண்டு. நமது வீட்டிலோ, வகுப்பறையிலோ, அலுவலகத்திலோ ஒருவர் மனம் கசந்து பேசும்போது, இவருக்கு எப்போதும் இதே பேச்சுத்தான் என்று சொல்லத் தோன்றும். அவ்வாறு சொல்லும்முன், என்ன நடந்தது, எந்த நாளில் நடந்தது என்று ஒருமுறை கேட்போம். விடையைக் கேட்ட பின்னர், அதற்கு வெறும் மனத்தாங்கல் என்று பெயரிடுவதா, முறைப்பாடு என்று பெயரிடுவதா என்பதை முடிவு செய்வோம்.